ஹாரப் முகடு இருந்த இடம்

டெல்வின் ஹாரப் அண்டார்டிகாவுக்குப் போனதில்லை. போய்வந்தவர்களை மதித்ததுமில்லை. டிசம்பர் கோடையில் கப்பலேறி, மார்ச்சில் தாடியோடு ஹோபார்ட் துறைமுகத்தில் இறங்கி, ஆறு மாதம் அந்தத் தாடியைப் பற்றியே பேசுகிற கூட்டம் என்பது அவள் கணிப்பு. அவர்கள் பார்த்ததெல்லாம் வெள்ளை. வெள்ளைக்கு மூன்று கிலோமீட்டர் கீழே கிடக்கும் பாறையை, ஆய்வுக்கூடத்தின் தரைத்தளத்தில், கார் நிறுத்துமிடம் தெரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவந்தவள் அவள்தான்.

விமானம் பனிக்கு மேல் பறந்தபடி ரேடார் அலையைக் கீழே அனுப்பும். பாறையில் பட்டுத் திரும்புவது திரையில் கலங்கிய சாம்பல் பட்டைகளாக விழும். அதில் எது தரை என்று கண்டு கோடிழுப்பதுதான் வேலை. கணினியும் கோடிழுக்கும், அதற்கு அவள் வைத்த பெயர் குடிகாரன். முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்களை அவ்வளவு மரியாதையாகக்கூட அழைத்ததில்லை. அலை பக்கவாட்டிலும் பரவும். ஆழமான பள்ளத்தின் மேல் பறந்தால் பக்கத்துச் சுவரின் எதிரொலிதான் முந்திக்கொண்டு வரும். அதைத் தரையென்று நம்புகிறவன் பள்ளம் இருக்கிற இடத்தில் மலையை வரைவான். அப்படி வரைந்தவர்களின் பெயர்களைக் கிறிஸ்துமஸ் விருந்துதோறும் டெல்வின் வரிசை பிசகாமல் ஒப்பிப்பாள்.

புது வரைபடம் தயாரான வருஷம், பிரிவுத் தலைவர் ராட்னி க்வில்லியம் அவள் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடித்தார். எவனும் எட்டிப்பார்க்காத மூலையில் அவள் கண்ட ஒரு முகட்டுக்கு ‘ஹாரப் முகடு’ என்று பெயர் வாங்கிக் கொடுத்தார். டெல்வின் உதட்டைச் சுழித்தாள். வீட்டுக்குப் போய்க் கணவன் மெர்வினிடம் மட்டும் இரண்டு தரம் சொன்னாள். மெர்வின் அடிபட்ட கார்களின் தகரத்தில் நெளிவெடுக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வெளியீட்டு விழாவுக்கு முகடு வடிவில் கேக் சுட, தகரத்தை வளைத்து அச்சே அடித்துவிட்டான்.

வரைபடம் அச்சகத்துக்குப் போக நான்கு நாள் இருந்தபோது, குறுக்கே பறந்த ஒரு விமானத்தின் பதிவு அவளிடம் வந்தது. இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டும் ஒரே ஆழம் காட்ட வேண்டும். முகட்டின் மேல் பறந்த பழைய பாதை ஆயிரத்து அறுநூறு மீட்டர் என்றது. புதியது மூவாயிரம் என்றது.

பழைய பாதையின் ரேடார் படத்தைத் திறந்தாள். அழுத்தமான, அழகான கோடு. அதற்கு வெகு கீழே புகை மாதிரி ஒரு மங்கல். அந்த மங்கல்தான் தரை, அழகானது சுவர். ஓரத்தில், கோடிழுத்தவரின் பெயரெழுத்துகள்: டெ.ஹா. குடிகாரன்கூட அங்கே தயங்கி இடைவெளி விட்டிருந்தான்.

ராட்னி கதவைச் சாத்திக்கொண்டு, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாமே என்றார். உலகத்தின் பாதி வரைபடங்கள் அடுத்த பதிப்பை நம்பித்தான் இருக்கின்றன என்றும் சொன்னார்.

“மூணு கிலோமீட்டர் பனிக்கு அடியில கிடக்கு. எவன் போய்ப் பார்க்கப்போறான், டெல்வின்?”

“நான் பார்த்துட்டேனே.”

“உங்க பேரு இருக்கிற மலைங்க அது.”

“மலை இல்ல, ராட்னி. இத்தனை வருஷமா எவனெவனையோ பார்த்துச் சிரிச்சேனே, அவனுங்க வரைஞ்ச அதே மலை. அழிக்கலாமான்னு கேக்க வரல. அழிச்சுட்டேன்னு சொல்ல வந்தேன்.”

விழா அன்று காலை மெர்வினிடம் சொன்னபோது அவன் கேக்கின் மேல் சர்க்கரைப் பனி தூவிக்கொண்டிருந்தான்.

“அப்ப இத என்ன பண்றது, டெல்?”

“உன் கிளப்புல குடுத்துடு. அச்சைக் கழுவி எடுத்துட்டு வா. குழிஞ்சு கிடக்கே, அதான் சரியான உருவம்.”

ஹாரப் முகடு இருந்த இடத்தில் வரைபடம் இப்போது கருநீலப் பள்ளம் ஒன்றைக் காட்டியது. தொடக்கத்திலிருந்தே தமக்கு அங்கே ஒரு சந்தேகம் இருந்ததாக ராட்னி மேடையில் சொன்னார். பள்ளத்துக்குத் தம் பழைய பேராசிரியரின் பெயரைப் பரிந்துரைத்திருப்பதாகவும் சொன்னார். தாடிகள் கைதட்டின. இறங்கி வந்தவர், சாஸேஜ் ரோல் தின்று கை துடைத்த காகிதத்தை, மேஜையில் மெர்வின் கழுவி வைத்திருந்த தகரத் தொட்டியில் போட்டார்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸில் டெல்வின் பட்டியலைத் தன் பெயரிலிருந்து ஆரம்பித்தாள். மற்றவர்களில் ஒருவரையும் விட்டுவிடவில்லை.