குளியலறைச் சுவரின் படம்

என் மகள் வேலை பார்க்கும் கட்டடங்களில் டேப்லெட்டைச் சுவருக்கு நேரே பிடித்தால், பூச்சுக்குப் பின்னால் ஓடும் குழாயும் ஒயரும் அந்தச் சுவர் மேலேயே வரைந்ததுபோலத் தெரிகிறதாம். "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுப்பா" என்றாள். இருந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அவனியாபுரம் பக்கம் வீடு கட்டும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் நான் மேற்பார்வையாளன். பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பைத் தொங்கவிட்டு, ஒயர் போகும் பைப்பும் தண்ணீர்ப் பைப்பும் தெரியும்படி ஃபிலிம் கேமராவில் படம் எடுப்பேன். சிம்மக்கல் ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி, வீட்டுக்கு ஓர் ஆல்பம் போட்டு வைப்பேன். பின்னால் எவனாவது சுவரைக் கொத்த வந்தால் படத்தைப் பார்த்து, அளந்து, சாக்பீஸில் கோடு போட்டுக் கொடுப்பேன். ஒரு கோடும் தப்பியதில்லை. "அண்ணனுக்குச் செவத்துக்குள்ள கண்ணு தெரியும்" என்று கொத்தனார்கள் கிண்டலடிப்பார்கள். அந்தக் கிண்டல் எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரின் வீடு. படமெல்லாம் எடுத்து முடித்து, பிள்ளைக்கு மொட்டை போட அழகர்கோவில் போய்விட்டு மறுநாள் வேலைக்கு வந்தேன். எலக்ட்ரீசியன் சொன்னார்: "அண்ணே, நேத்து வாஸ்து பாக்குறவர் வந்தாரு. குளியலறை ஹீட்டர் பாயின்ட எதிர்ச் செவத்துக்கு மாத்தச் சொல்லிட்டாக. ஒயர் பைப்பை மாத்திப் போட்டுட்டேன்." கேமராவில் ஃபிலிம் தீர்ந்திருந்தது. பூச்சுக்காரர்கள் கலவை போட்டுக் காத்திருந்தார்கள். ஒரே ஒரு சுவர்தானே, நினைவில் இருக்கும் என்று பூசச் சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அதே குளியலறையில் வாஷ்பேசின் வைக்கக் கூப்பிட்டார்கள். எங்களிடம் வழக்கமாக வரும் பிளம்பரை அழைத்துப் போனேன். முப்பது வயதுகூட இருக்காது. எந்த வீடானாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். ஆல்பத்தைப் பிரித்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். படத்தில் வெறும் செங்கல்தான். கோடு போட்டுக் கொடுத்தேன்.

"மெயினை ஆஃப் பண்ணிரவாண்ணே?"

"வேணாம் மாப்ள. இந்தச் செவத்துல லைனே இல்ல. ஐயா கிரிக்கெட் பாத்துக்கிட்டு இருக்காரு. நீ தைரியமாக் கொத்து."

உளியில் சுத்தியல் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நான் கூடத்தில் நின்று ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று டிவி அணைந்தது. சுத்தியல் சத்தமும் நின்றிருந்தது.

ஈரத் தரையில் உளியைப் பிடித்தபடியே கிடந்தான். தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆட்டோவில் அவன் தலை என் மடியில் இருந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது, ஹீட்டர் லைனை மாற்றிப் போட்ட சுவர் அதுதான் என்று. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை.

பிணவறை வாசலில் ஒப்பந்தக்காரர் என்னிடம், "மெயினை ஆஃப் பண்ணாம எவனாச்சும் செவத்தக் கொத்துவானா?" என்று கேட்டார். கேட்ட விதத்திலேயே நான் சொல்ல வேண்டிய பதிலும் இருந்தது. போலீஸ் வரும், வேலை போகும், பிள்ளை சின்னது. எல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடியது. நான் கோழை. "மறந்துட்டான் போல" என்றேன்.

அவன் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, நெசமாவே அவுக மெயினை அமத்தலையா?"

"இல்லம்மா."

அவள் பிணவறைக் கதவைப் பார்த்துத் திரும்பி, அவனைத் திட்ட ஆரம்பித்தாள். "பாவி மனுசா, எத்தன தடவ சொன்னேன், கரண்ட அமத்திட்டுக் கை வையின்னு. எம்பேச்ச என்னைக்குக் கேட்ட நீ?"

அவ்வளவு திட்டையும் பக்கத்தில் நின்று கேட்டேன்.