உறவினர் பட்டியலுக்குத் தனித்தாள்

நீங்கள் எப்போதாவது உங்கள் வாழ்க்கை முழுவதையும் ஒரே பக்கத்தில் அடக்கி, அதை நாற்பது ஆபீசுக்கு அனுப்பி, முப்பது பேர் ஒரு வரிகூட பதில் போடாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், இது உங்களுக்காகத்தான். பார்க்காதவர்களும் உட்காரலாம். வேடிக்கை பார்க்க யாருக்கும் தடையில்லை.

கம்பெனி வக்கீல் ஆபீஸில் பயிற்சி வக்கீலாகச் சேர்வது வேலை தேடுவதிலேயே தனி ரகம். அங்கே இருப்பவர்கள் கோர்ட்டில் நின்று வாதாடுகிறவர்கள் இல்லை. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியோடு போடும் ஒப்பந்தம், நிலம் வாங்கும் பத்திரம், ஆளை வேலைக்கு எடுக்கும் கடிதம், வீட்டுக்கு அனுப்பும் கடிதம் எல்லாவற்றையும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறவர்கள். ஆந்திர எல்லையோரம் எளாவூர் பக்கத்துப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் எந்த பீரோவைத் திறந்தாலும் ஆங்கிலத்தில் ஒரு கம்பெனிக் கடிதம் இருக்கும். கீழே அந்த வீட்டு ஆளின் கையெழுத்து இருக்கும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த மேல்பாதி எழுதப்படுகிற இடத்தில் ஒரு நாற்காலி வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் மோசஸ் சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. சட்டப் படிப்பு முடித்து, குழந்தை பெற்று, இரண்டு வருஷம் வீட்டில் இருந்த பிறகு நான் விண்ணப்பம் போட ஆரம்பித்தபோது அவர் ஒரு கெடு வைத்தார். "ஜாய் எல்கேஜி சேர்ற வரைக்கும் தேடு. ஜூன் மாசம் வந்துச்சுன்னா பேட்டரி கம்பெனி பேக்கிங்ல சேந்துடு. அதுக்கு மேல ஒத்த ஆளா என்னால இழுக்க முடியாது." சரி என்றேன். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும் என்று படித்தவள் நான். கையில் பதினொரு மாதம் இருந்தது.

பின்னால் தொங்குவது

முதல் நேர்காணல் வீடியோவில். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில். அங்கே ஸ்டூல் போட்டு, அரிசி டின் மேல் போனைச் சாய்த்து, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கோட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கோட்டுக்குக் கீழே நைட்டி. அது அவர்களுக்குத் தெரியப் போவதில்லை.

எதிரே ஒரு தம்பியும் ஒரு மேடமும். நிறுவனச் சட்டத்தில் இயக்குநரின் கடமைகள் என்ன என்று கேட்டார்கள். கடகடவென்று சொன்னேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்காவது கேள்வியில் அந்தத் தம்பியின் கண் என் தோளைத் தாண்டியே நின்றுவிட்டது. பின்னால் உத்தரத்திலிருந்து தொங்கிய புடவைத் தூளி மெல்ல ஆட ஆரம்பித்து, அதிலிருந்து ஒரு கால் வெளியே வந்திருந்தது. அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மேடம், பின்னாடி தொங்கறது கர்ட்டனா, இல்ல உள்ள ஆள் இருக்காங்களா?"

கட்டைப்பை

மூன்றாவது ஆபீசில் நேரில் வரச் சொன்னார்கள். சென்னையில் பதினாறு மாடிக் கட்டடம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போனதில் வெள்ளைச் சட்டை பழுப்பாகிவிட்டது. கோட்டை மடித்துச் சான்றிதழ்களோடு சேர்த்துக் கட்டைப்பையில் வைத்திருந்தேன். தப்பு அங்கேதான். லிஃப்ட் பக்கம் போனதும் காவலுக்கு நின்ற பெரியவர் கையை நீட்டி மறித்தார். "ஹவுஸ்கீப்பிங் இன்டர்வியூ கீழ்தளத்துல. பின்பக்கமா போம்மா."

பையிலிருந்து கோட்டை உருவிக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். அவர் ஊர் திருப்பாச்சூராம். லிஃப்ட் பட்டனை அவரே அமுக்கினார். மேலே நடந்தது மொத்தம் ஆறு நிமிடம். 'உங்கள் பள்ளிக்கூடம் எது' என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இறங்கி வந்தபோது பெரியவர் என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கீழ்தளத்துல இன்னும் ஆள் எடுத்துக்கினுதான் கீறாங்க, கோச்சுக்காதம்மா, சொல்லணும்னு தோணுச்சு."

லாரி எங்கே நிற்கும்

ஐந்தாவது ஆபீசில் எழுத்துத் தேர்வு. ஒரு விநியோக ஒப்பந்தத்தைக் கொடுத்து, அதில் வாங்குகிறவருக்கு ஆபத்தான இடங்களைக் குறிக்கச் சொன்னார்கள். கொல்கத்தா நெடுஞ்சாலை வழியாக வரும் சரக்கு, புறப்பட்ட மூன்றாம் நாள் ஃபேக்டரி கேட்டுக்கு வந்து சேர வேண்டும், வராவிட்டால் அபராதம் என்று ஒரு ஷரத்து. என் வீட்டு வாசலில் நின்றால் எல்லைச் சோதனைச்சாவடியில் வரிசை கட்டி நிற்கும் லாரி தெரியும். ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பார்கள். அதனால் நான் ஒரு பக்கத்துக்கு எழுதினேன்: மூன்று நாளையும் முழுசாக எண்ணாதீர்கள், லாரி சாவடியில் நுழைந்து வெளியேறும் வரை நின்ற நேரத்தைக் கழித்து எண்ணுங்கள், இல்லையென்றால் மாதாமாதம் சண்டை வரும்.

எழுதும்போது எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. தேர்வு எழுதிய மற்ற எட்டுப் பேரும் பழைய கோர்ட் தீர்ப்புகளை எழுதியிருந்தார்கள். விடைத்தாளைத் திருத்தியவர் அந்த ஆபீஸின் இளம் பார்ட்னர். என் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: "நீங்க எழுதினது சரிதான். ஆனா இது வக்கீல் பதில் இல்ல, லாரி டிரைவர் பதில்."

ஒரு வாரம் பார்ப்போம்

ஏழாவது ஆபீசில் "ஒரு வாரம் வேலை செய்து காட்டுங்கள், பார்ப்போம்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாயை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியற்காலை ரயில் பிடித்தேன். மேசை மேல் ஒரு கட்டு வைத்தார்கள். திருவள்ளூர் பக்கத்தில் கிடங்குகள் கட்ட யாரோ வாங்கப் போகும் நிலத்தின் பழைய பத்திரங்கள், எல்லாம் கையெழுத்துத் தமிழ். நஞ்செய், புஞ்செய், நான்கெல்லை, கிணற்றுப் பாத்தியம். அங்கே இருந்த இரண்டு பயிற்சி வக்கீல்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்கள் பங்கும் என் மேசைக்கு வந்தது.

புதன்கிழமை ஜாய்க்குக் காய்ச்சல். மருந்து எத்தனை சொட்டு என்று மோசஸுக்குப் போனில் சொல்லிவிட்டு, 'மாரி களத்துக்குத் தெற்கு' என்பதை ஆங்கிலமாக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பத்திரம் முடிந்தது. மிகவும் நன்றி, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். படியிறங்கும்போது, அங்கே டீ போட்டுக் கொடுக்கும் அக்கா தம்ளரைக் கழுவியபடியே சொன்னார்: "போன மாசம் தெலுங்குப் பத்திரத்துக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. அதையும் ஒரு வாரந்தான் வெச்சிருந்தாங்க."

தனித்தாள்

மே மாதம் பிறந்துவிட்டது. ஜாய்க்குச் சீருடை தைக்கக் கொடுத்தாயிற்று. பேட்டரி கம்பெனியில் என் சிநேகிதி எனக்காக ஓர் இடத்தைச் சொல்லி வைத்திருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒன்பதாவது ஆபீஸ். சீனியர் மேடம் ஒரு தொழிலாளிக்கு வந்த ஆங்கிலக் கடிதத்தைக் கொடுத்து, அந்த ஆளே எதிரில் இருப்பதாக நினைத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். எங்கள் தெருவுக்கு வாசிப்பது போலவே வாசித்தேன். மேடம் பேனாவை மூடினார். "உங்க ஏரியாவுல எங்களுக்கு நிறைய வேலை இருக்கு. இப்படிப் பேசற ஆள்தான் வேணும்" என்றார். ரயிலில் வரும்போது அழுதுகொண்டே சிரித்தேன். எதிர் சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சேர்வதற்கு முன் ஒரு படிவம். நம் மாவட்டக் கம்பெனிகளில் வேலை செய்கிற, அல்லது கம்பெனி மேல் வழக்குப் போட்டிருக்கிற உறவினர்களின் பெயரை எழுத வேண்டும். மூன்றே மூன்று கோடு விட்டிருந்தார்கள். அச்சடித்தவன் ஞாபகமறதியில் விட்டிருப்பான் என்று நினைத்து, வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு குடும்பமாக உட்கார்ந்தோம். டயர் ஃபேக்டரியில் என் தம்பி. வள்ளூர் பவர் ஹவுஸில் நாத்தனார் வீட்டுக்காரர். சர்ச்சில் பாட்டுப் பாடும் அண்ணன், பக்கத்துத் தெரு பெரியப்பா, அவருடைய இரண்டு மருமகன்கள். நாங்கள் சித்தப்பா என்றால் சித்தப்பாதான். ரத்தமா, தெருவா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. மாமியார் வேறு கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் சொல்வது போல, "தாமஸ வுட்டுட்டியே, நாளைக்குக் கேள்விப்பட்டான்னா மூஞ்சி குடுத்துப் பேசுவானா?" என்று விட்டுப்போனவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று பெயர். தாளைப் பின் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆபீஸ் குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, இது உறவினர் பட்டியலா, வாக்காளர் பட்டியலா?"

ஒரே ஒரு பெயர்

சீனியர் மேடமும் சிரித்துவிட்டார். பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்த உறவா, கல்யாண உறவா, ரெண்டும் இல்லையா, இல்லையென்றால் கோடு. ஐம்பத்து மூன்று பேர் பதினொரு பேரானார்கள். ஆரோக்கியம் என்ற பெயரில் பென்சில் நின்றது. மேடத்தின் சிரிப்பும் நின்றது. ஆரோக்கியம் கம்பி ஆலையில் வேலை செய்தவர். போன வருஷம் உருளையில் வலது கை மணிக்கட்டு வரை போய்விட்டது. நஷ்டஈட்டு வழக்கு நடக்கிறது. அந்த ஆலைக்கு வக்கீல் இந்த ஆபீஸ்தான் என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தெரியாது.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"மாமா, மேடம்."

"அம்மாவோட தம்பியா?"

"இல்ல மேடம். எதிர் வீடு."

மூன்று வருஷம் நான் சட்டம் படித்தபோது, முதல் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் தினமும் என்னைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டது அவருடைய வண்டிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மேடம் பொறுமையாக விளக்கினார். பெயர் இருந்தால் அந்த ஆலையின் எந்த ஃபைலையும் நான் தொடக் கூடாது. என்னை எடுப்பதோ அந்தப் பக்கத்து வேலைக்குத்தான். தொழிலாளிகளிடம் பேசுவது, சமரசப் பத்திரத்தைப் படித்துக் காட்டுவது, கையெழுத்து வாங்குவது. பெயர் இருந்தால் எனக்கு அங்கே வேலை இல்லை. மேடம் என்னை வற்புறுத்தவில்லை. பென்சிலைக்கூட என் பக்கம் நகர்த்தவில்லை. "சட்டப்படி இவர் உங்களுக்கு யாருமே இல்ல, எஸ்தர். ஒரு கோடு போட்டுட்டுத் திங்கக்கிழமை வாங்க."

ஞாயிறு ஆராதனை முடிந்து

மோசஸ், "சட்டமே யாரும் இல்லன்னு சொல்லிடுச்சு, உனக்கு இன்னா பேஜாரு?" என்றார். சொல்லிவிட்டு அவரும் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக எதிர் வீட்டுக்குப் போனேன். மாமா இடது கையால் சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடித்தது. உதவினால் கோபம் வரும் என்று அத்தை தள்ளியே நின்றார்.

படிவத்தில் அவர் பெயரை அடிக்க வேண்டியதைச் சொன்னேன். மாமா கலகலவென்று சிரித்தார். "பேர அடிச்சா நான் இன்னா செத்தா பூட்டேன்? நல்லா அடிச்சிக்கோ. எங்க தெருப் பொண்ணு அந்த ஆபீஸ்ல குந்திக்கினு கீதுன்னு நான் சொல்லிக்குவேன்ல?" அத்தை உள்ளே போய்விட்டார். அந்த ஆலையின் ஃபைல்தான் எனக்கு வரும், இந்த வழக்கும் வரலாம் என்று இரண்டாம் பாதியையும் சொன்னேன். மாமா பட்டனை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

திங்கட்கிழமை கோடு போட்டேன். இது மூன்றாவது மாதம். ஜாய் எல்கேஜி போகிறாள். எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, பேர் போட்ட அட்டை கழுத்தில் தொங்குகிறது. ஆலையின் ஃபைல் இன்னும் என் மேசைக்கு வரவில்லை, பக்கத்து அலமாரி வரைக்கும் வந்திருக்கிறது. பதினொரு மாதம் நாயாய் அலைந்து நான் தெரிந்துகொண்டது, கம்பெனி வக்கீல் ஆபீஸுக்குள் நுழைய நூறு பக்கம் எழுதத் தெரிந்தால் போதாது, ஒரே ஒரு பெயரைச் சுத்தமாக அடிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பை மாட்டும்போது மாமா வாசல் வரை வந்தார். தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்:

"எஸ்தரு, அந்தக் கம்பெனி பேப்பர் எங்கிட்ட கையெழுத்துக்கு வரும்போது, நீ எட்துக்கினு வராதம்மா. நீ படிச்சுச் சொன்னா நான் கேக்காமலே போட்டுடுவேன். வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லு."