பிறந்தநாளில் நிரப்பாமல் விட்ட பக்கம்

இன்று சிட்னி பரமட்டாவில், ஒரு கவுன்டரில் பத்து நிமிடம்தான் நின்றிருப்போம். ஒரு வீடு போய்விட்டது.

என்னை உங்களுக்குத் தெரியும். எந்த வங்கியில் எத்தனை வீதம் என்று கோயில் வரிசையில் நின்றும் கதைக்கிற ஆள்! (மனைவி எனக்கு வைத்த பெயர் வட்டிக்கடை.)

சிவநேசன் அண்ணை மெரிலேண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீடு. பாண், அதாவது ரொட்டி, செய்யிற தொழிற்சாலையில் இருபது வருட வேலை. அவருடைய ஓய்வூதியச் சேமிப்பு, அதுதான் சுப்பர், எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தது. போன வருடம் பங்குச்சந்தை விழ, அதுவும் சேர்ந்து கரைந்தது. மனிதர் நித்திரையில்லாமல் திரிந்தார்.

நான் சும்மா இருப்பேனா!

"அண்ணை, அறுபது முடிஞ்சா சுப்பர் காசை எடுக்க வரியே இல்லை. இப்பவே வேற ஃபண்டுக்கு மாத்துங்கோ. நிச்சய வட்டி, ஒரு வீதம் கூட!"

அறுபதாவது பிறந்தநாளன்றே படிவம் நிரப்பினோம். நல்ல நாள், நல்ல காரியம். குசினி மேசையில் ஒரு பக்கம் கேசரி, மறுபக்கம் படிவம்.

நாலாம் பக்கத்தில் ஆயுள் காப்புறுதி. பழைய கணக்கை மூடினால் அதிலிருக்கும் காப்புறுதியும் நின்றுவிடும், புதிது வேண்டுமென்றால் இதை நிரப்புங்கள் என்று போட்டிருந்தது.

நான் வாசித்துப்போட்டுத் தொடங்கினேன்.

"அண்ணை, நீங்க செத்தா காசு ஆருக்கு எண்டு..."

தேத்தண்ணியோடு வந்த அவருடைய மனைவி மலர் அக்கா பாய்ந்தார்.

"தம்பி! பிறந்தநாளும் அதுவுமா இதென்ன சாவுக்கதை? விடும் அந்தப் பக்கத்தை!"

அண்ணை சிரித்தார். "ஓமடாப்பா, அதைப் பிறகு பாப்பம். ராகுகாலத்துக்கு முன்னம் இதைத் தபால்ல போட்டிட்டு வா."

போட்டேன். நாலாம் பக்கம் வெறுமையாகப் போனது.

அண்ணைக்கு அது மறந்துபோனது. எனக்கு மறக்கவில்லை. திரும்பவும் சாவுக்கதையை எடுத்து அக்காவிடம் பேச்சு வாங்க மனமில்லை, அவ்வளவுதான்.

ஐந்து மாதம். வட்டிக் கணக்கு வந்தபோது அண்ணை வேலிக்கு மேலால் காட்டிச் சந்தோசப்பட்டார்.

போன மாதம் வேலைக்கு வெளிக்கிட்டவர் கார்க் கதவைத் திறந்தபடியே விழுந்தார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னமே எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் காரியம் கழித்து, இன்றுதான் அக்காவை அந்த ஃபண்டின் பரமட்டா அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு ஒரே நம்பிக்கை, காப்புறுதிக் காசு வந்தால் வீட்டுக் கடன் அடையும்.

கவுன்டரில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"ஐ ஆம் சோ சொறி. தெயார் இஸ் நோ கவர்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "என்னவாம் தம்பி?"

காப்புறுதியே இல்லை என்று அதைத் தமிழில் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது! சேமித்த காசு வரும். அதில் கடன் பாதிதான் அடையும். மிச்சத்துக்கு வீட்டை விற்கத்தான் வேண்டும்.

அக்கா அழவில்லை. காரில் வரும்போது சொன்னார்.

"நான்தானே தம்பி அந்தப் பக்கத்தை விடச் சொன்னனான். என்ர வாயாலதான் வீடு போச்சு. நீர் பாவம், நல்லதுக்குத்தானே செய்தனீர்."

நான் ஒன்றும் சொல்லாமல் காரை ஓட்டினேன். கோழை!

அக்கா வேண்டாம் என்றது சாவுக்கதையை மட்டும்தான். பழைய காப்புறுதி நின்றுவிடும் என்று அவருக்கு யார் சொன்னது? அந்த மேசையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவே இல்லை.

என் கதையைக் கேட்டு சுப்பரை மாற்றிய எல்லோரும் இன்றே உங்கள் காப்புறுதியைப் பாருங்கோ. நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

நாளைக் காலையில் அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். பக்கத்து வீடுதான், பத்து அடி. தனியாகப் போகக் கால் வரவில்லை.

உங்களில் யாராவது என்னோடு வருகிறீர்களா?