போகா ஒதுக்கி வைத்த கட்டு

மொசெலாஞ்சா என்றால் அந்த மலைநாட்டுப் பேச்சில் நாய்வால். அவளுக்கு முன்னால் பிறந்தவை எல்லாம் பால் மறக்குமுன்பே போய்விட்டதால், சாவின் கண்ணில் படாதிருக்க அப்படிப் பெயர் வைத்தார்கள். சாவு அவளை விட்டுவிட்டது. குதிரைக்காரர்கள்தான் அவளிடம் மாட்டிக்கொண்டார்கள்.

தீவன ஆலையின் ஆளாக மலையூர்களுக்குப் போய், எவன் குதிரைக்கு என்ன போடுகிறான் என்று பார்த்துத் திட்டுவது அவள் வேலை. "அதென்ன வயிறா, தானியக் குதிரா? மொதல்ல புல்லு, அப்புறந்தான்யா சோளம்!" என்பாள். யாரும் தாராளம் காட்டிவிடக் கூடாதென்று, வேளைக்கு இத்தனை என்று குதிரைமசால் தழையைச் சிறு கட்டுகளாக்கி, சிவப்புக் கம்பளி நூலால் தானே கட்டிக் கொடுப்பாள்.

அந்த வருடத்துப் பெரும்பனியில் செகாகே என்ற மேய்ப்பன் காணாமல் போனான். ஊரார் தேடிச் சலித்து உட்கார்ந்த பிறகு, அவனுடைய குதிரை போகா மட்டும் சேணத்தோடு திரும்பி வந்தது, எலும்பும் தோலுமாக. உடல் கிடைக்காமல் சாவுச் சடங்குக்கு மாடு அறுக்க முடியாது, துக்கத்துக்குத் தலை மழிக்க முடியாது. அவன் தாய் மாபுசெங்குக்கு வாய்விட்டு அழக்கூட வழியில்லை. மகன் கிடக்கும் இடம் தெரிந்த ஒரே உயிர் அந்தக் குதிரை.

மொசெலாஞ்சா போய்ச் சேர்ந்தபோது, கிழவி கூடை நிறைய மக்காச்சோளத்தோடு கொட்டிலுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். இவள் பாய்ந்து பிடுங்கினாள்.

"சாவுச் சேதி கொண்டாந்தவங்கள வெறும் வயித்தோட விடறதாடி? எங்க வீட்ல அப்படி வழக்கமில்ல."

"வழக்கத்தப் பாத்தா இதுவும் செத்துரும்மா. பட்டினி கெடந்த வயிறு தாங்காது. அப்புறம் உங்க புள்ளகிட்ட யாரு கூட்டிட்டுப் போவா, இந்தக் கூடையா?"

கிழவி அடங்கினாள். மொசெலாஞ்சா அங்கேயே தங்கிக் கட்டுகளைக் கொஞ்சங்கொஞ்சமாகப் போட்டாள். போகா தின்றது. ஆனால் ஒவ்வொரு வேளையும் ஒரு கட்டை மூக்கால் தள்ளி, இருட்டு மூலையில் ஒதுக்கியது. திரும்பி வந்து பார்த்தால் அந்தக் கட்டு இருக்காது. நூல்கூட இருக்காது.

"நீங்கதான எடுக்கறீங்க?"

"எனக்கெதுக்குடி புல்லு? பல்லே இல்ல!"

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அளந்து போட்டது கணக்கில் வராமல் போவதா? ஒருநாள் மத்தியானம் கொட்டில் கதவைச் சாத்தி, உள்ளேயே அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கதவிடுக்கில் மூடுபனி நுழைந்து தரையில் படர்ந்தது. போகா ஒரு கட்டைத் தள்ளிவிட்டு, மூலையையே பார்த்து நின்றது. அங்கிருந்து மெல்லும் சத்தம் கேட்டது. குதிரையின் வாய் அசையவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. பனி விலகியபோது மூலை காலியாக இருந்தது. அடுத்த வேளையிலிருந்து ஒரு கட்டைக் கூடுதலாகப் போட்டாள், அவ்வளவுதான்.

குதிரைக்குக் கால் உறுதிப்பட்டதும் கயிற்றை அவிழ்த்து விட்டு, ஊரார் பின்னால் நடந்தார்கள். போகா நேராக மேலேறி ஒரு பாறைப் பொந்தின் முன் நின்றது. உள்ளே செகாகே போர்வையைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்தான், விறைத்துப்போய். அவன் மடி நிறையச் சிவப்பு நூல்கள். கையில் பிரிக்காத ஒரு கட்டு. குதிரைமசாலில் ஈரம்கூடக் காயவில்லை. மொசெலாஞ்சாவுக்குத் தன் முடிச்சு தெரியாதா?

ஆண்கள் பின்வாங்கினார்கள். மாபுசெங் மட்டும் உள்ளே போய் மகன் வாயோரம் ஒட்டியிருந்த பச்சையைத் தன் போர்வை நுனியால் துடைத்தாள்.

"எம்புள்ள பசியோட கெடக்கலடி," என்றாள். பிறகுதான் அழுதாள்.

மொசெலாஞ்சா இன்றும் ஊர் ஊராகப் போய்த் திட்டுகிறாள். அளவு மட்டும் மாறிவிட்டது, ஒரு கட்டு கூடுதல். குதிரை தின்னாமல் ஒதுக்குகிறதே என்று யாராவது குறைசொன்னால், "அதப் பாக்காத. கதவச் சாத்திட்டு வா," என்பாள்.