ஏழு குறைகள்

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் நான் தனியாகக் குடியேறிய வீட்டில் ஏழு குறைகள் இருந்தன. எண்ணி எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். முதல் நாள் பீரோ கைப்பிடியை மட்டும் முடுக்கிவிட்டு, காபி குடித்தபடி ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"மிச்ச ஆறையும் இன்னைக்கே முடிச்சிடலாமே?" என்றேன் எரிச்சலாக.

"என்ன சார் அவசரம்? அப்புறம் நாளைக்கு நான் எங்க போறது?"

ஏழாம் நாள் திரைச்சீலைக் கம்பியை மாட்டிவிட்டு, "வேற ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார். பட்டியலைச் சரிபார்த்து, "ஒண்ணுமில்லைங்க" என்றேன். ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"அப்ப போயிட்டு வரேன் சார்."

நான்கு மாதமாக அவர் வரவில்லை. காரணமில்லாமல் ஒருவரைக் கூப்பிட எனக்கு வராது. இன்று காலையும் கட்டில் கால்கள் நான்கையும் ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட ஆடவில்லை.