துண்டுக்கடியில் நாலரை விரல்

எனக்கு அப்போது ஒரே பைத்தியம், நிலப் பைத்தியம். பரமத்தி வேலூரில் வெற்றிலை வாங்கி, பஸ்ஸில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோய் விற்கிறவன் நான். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. நானும் சம்சாரமும் ஆறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நானூற்றைம்பது ரூபாய் சேர்த்து அடுக்குப் பானைக்குள் வைத்திருந்தோம். ஆனால் நல்ல நிலம் எங்கள் கண்ணில் பட்டால்தானே? தரகர்கள் தங்கள் மாமன் மச்சானுக்கெல்லாம் காட்டியது போக, பாறையும் கள்ளியும்தான் எங்களுக்கு மிஞ்சும்.

"நானே தரகனாயிட்டா என்ன புள்ளே? நல்ல நெலமெல்லாம் மொதல்ல என் காதுக்குத்தானே வரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

களி கிண்டிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க, விக்கறதுக்கு ஒரு வாய் வேணும், வாங்கறதுக்கு ஒரு வாய் வேணும். உங்களுக்கு இருக்கறது ஒண்ணு. அதுவும் ஓட்ட வாய்."

ஓட்டை வாயாம்! எனக்கு வந்தது பாருங்கள் கோபம். ஒரே ஒரு பேரம் முடித்துக் காட்டுகிறேன். முடிந்தால் நான் தரகன், முடியாவிட்டால் சாகிறவரை வெற்றிலைக் கூடைதான் என்று சபதம் போட்டுவிட்டேன்.

என்னிடம் வாடிக்கையாக வெற்றிலை வாங்கும் மாட்டு வியாபாரி ஒருவர், எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் தனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது, மகள் ஊரோடு போய்விடப் போகிறேன், ஆள் பாருங்க என்றார். அந்தப் பக்கமா? வெறும் கல்லுக்காடாக இருக்கும், நமக்கு ஆகாது, தரகுக்கு ஆகும் என்று நானே முடிவுகட்டி, போய்ப் பார்க்காமலே சேலத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போய் நின்றதும் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. கல்லாவது காடாவது! செம்மண் காலடியில் புட்டு மாதிரி உதிர்ந்தது. கிணற்றில் இறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தேன். அடடா, இளநீர் தோற்றது போங்கள்! அதோடு என் வாய் அவிழ்ந்துகொண்டது. "இந்தத் தண்ணியில சோறு பொங்குனா கொழம்பே வேண்டாமுங்க! ராத்திரி குச்சிய நட்டா காலையில தளுத்துப்போயி நிக்குமுங்க!" என்று நான் அளக்க அளக்க ஜவுளிக்காரர் முகம் மலர்ந்தது. எனக்கோ அந்த மண்ணில் விழுந்து புரள வேண்டும் போலிருந்தது.

மாட்டுக்காரர் நிலத்துக்கும் மாட்டுச் சந்தை வழக்கப்படிதான் விலை பேசுவேன் என்றுவிட்டார். தோள்துண்டை எடுத்து என் கையின் மேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். விரலுக்கு நூறு, வாயால் சொல்லக் கூடாது. நாலு விரலை அழுத்தி, ஐந்தாவதைப் பாதியில் கிள்ளினார். நாலரை. எங்கள் பானையில் இருந்த அதே நாலரை!

அடுத்து ஜவுளிக்காரர் கையை விட்டார். அவரும் நாலு விரல், அப்புறம் பாதி.

இரண்டு கையும் பேசியது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். 'படியலீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லி ஜவுளிக்காரரைப் பஸ் ஏற்றிவிட்டு, மறுநாள் நான் பானையோடு வந்து நிற்கலாம். நினைத்தேனா என்றால் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் முதல் பேரம், முதல் பிடியிலேயே ஒட்டிக்கொண்ட சந்தோஷம் இருக்கிறதே, அது தொண்டையில் நிற்கவில்லை. "படிஞ்சிருச்சுங்க!" என்று காடே அதிரக் கத்திவிட்டேன். கத்தியதும் போதாதென்று, என் கூடையிலிருந்தே கொழுந்து வெற்றிலையாகப் பொறுக்கி இருவர் கையிலும் வைத்தேன். வெற்றிலை மாற்றிக்கொண்டால் எங்கள் பக்கம் அதற்குமேல் பேச்சே கிடையாது. அவர்களும் மாற்றிக்கொண்டார்கள். அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்தாள், சிரித்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "கெணத்துத் தண்ணி எப்படிங்க இருந்துச்சு?"

"உப்பு புள்ளே. வாயில வெக்க முடியல."

என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "பொய் சொன்னா உங்களுக்குக் காது செவந்துருமுங்க. இப்பவும் செவந்துபோச்சு. அத்தன தித்திப்பா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் தரகுக் காசைப் பானைக்குள் போட்டு மூடினாள். "தரகெல்லாம் போதுமுங்க சாமி. அடுத்த நெலத்துக்கு நானும் வாரேன். உங்க வாய் நெறைய வெத்தலய அடச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அப்படியேதான் போனோம். அவள் பேசினாள், நான் மென்றேன், சேந்தமங்கலத்துப் பக்கம் ஒன்றரை ஏக்கர் எங்களுடையதாயிற்று. பத்திரம் முடிந்த மறுநாள் அவள் எங்கள் கிணற்றில் முதல் குடத்தை இறைத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "தித்திக்குதுங்க" என்றாள். நானும் வாங்கிக் குடித்தேன். நல்ல உப்பு. அவள் காதைப் பார்த்தேன். துளிகூடச் சிவக்கவில்லை.