களையா, கீரையா? வெள்ளிமலைக் கொல்லையில் ஒரு செயலிச் சோதனை

திங்கட்கிழமை இறுதி ரிவ்யூ. அதற்கு முந்தைய சனிக்கிழமை கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிட்டேன். காரணம், பொறியியல் கடைசி வருடம் படிக்கும் என் மாணவி மல்லிகா. போனில் வயலைக் காட்டினால் களையைச் சிவப்பில் வட்டமிடும் ஏஐ செயலி அவளுடைய புராஜெக்ட். அவள் வீட்டுக் கொல்லையிலேயே (மானாவாரி நிலத்துக்கு அங்கே அதுதான் பேர்) சோதித்துவிடலாம் என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

கள்ளக்குறிச்சியில் காலை ஆறரை மணி பஸ். கச்சிராயபாளையம் தாண்டினால் ஏற்றம். மல்லிகாவின் ஊரான வெள்ளிமலை போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். "பேக்க மடில வெச்சிக்கினு குந்துங்க மேடம், இனிமே வளைவு ஜாஸ்தி" என்றார் டிரைவர். உண்மைதான், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கொல்லையில் சாமை, ஊடே துவரை, அவரை, ஆமணக்கு. மல்லிகா போனை நீட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு!

"இன்னாடி இது, அவரையப் புடுங்கச் சொல்லுது? சாமைய அறுத்தப்பறம் தை மாசத்துல இன்னா துன்றது?" என்றார் அவள் அம்மா.

மல்லிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "செயலி பாத்துப் பழகுற படத்துக்கெல்லாம் நான்தான் மேடம் பேர் போட்டேன். பயிர், களைன்னு ரெண்டே கட்டம். சாமைய பயிர்ல போட்டு, மிச்சத்த களைல தள்ளிட்டேன். பொறந்ததுலேர்ந்து இந்தக் கொல்லைலதான் கெடக்குறேன்!"

எங்கள் பாடத்தில் இருப்பதே அந்த இரண்டு கட்டம்தான். அங்கேயே உட்கார்ந்து மாற்றினோம்: முதலில் அறுப்பது, அப்புறம் அறுப்பது, பிடுங்குவது. அம்மாவும் பக்கத்துக் கொல்லைச் சித்தியும் படம் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் குறித்தாள். பண்ணைக்கீரை வந்ததும் சண்டை. அம்மாவுக்கு அது குழம்பு; சித்தி கொல்லையில் களை. "அப்ப மொதல்ல யார் கொல்லைன்னு கேக்கணும் மேடம்!" என்று மல்லிகா துள்ளினாள். அந்தக் கேள்வியையும் செயலியில் சேர்த்தோம்.

ஆனால் புதுக் கட்டங்களுக்குப் படம் கம்மி. சோதித்தால் துல்லியம் சரிந்திருந்தது. பெயிலாகிவிடுமோ என்ற பயம் இருவருக்கும்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள். சிக்னலை நம்பாதீர்கள். கேட்காமல் கொல்லைக்குள் கால் வைக்காதீர்கள். உங்களுக்குப் புல்லாகத் தெரிவது யாருக்கோ சோறு.

திங்கட்கிழமை, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பண்ணைக்கீரைப் படத்தைக் காட்டி, "இது களையா, இல்லையா? ஒரே பதில் சொல்லும்மா" என்றார். மல்லிகா அம்மாவுக்குப் போன் போட்டு, கேள்வியைச் சொல்லி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சார் வூட்டு கொல்லைல இன்னா போட்டுக்கிறாங்க?" என்றார் அம்மா.

தேர்வாளர் போன் பக்கம் குனிந்தார். "ரிஷிவந்தியம் பக்கங்க. மணிலா, அதான் வேர்க்கடலை. ஊடால தட்டப்பயிறு."

"அப்ப அதையும் வந்து படம் புடிக்கணுமே! பாஸ் போட்டு அனுப்புங்க."

அவர் சிரித்துக்கொண்டே மல்லிகாவிடம் தன் ஊருக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்.